குருக்கள் கையில் கொடுத்த பணம் வரிக்கழிவில் சேருமா?

மார்ச் மாதம் வரிக்கணக்கோடு உட்காரும்போதுதான் ஆண்டு முழுக்கக் கொடுத்தது நினைவுக்கு வரும். கும்பாபிஷேக நிதிக்கு எழுதிய செக், உண்டியலில் போட்டது, அர்ச்சனைத் தட்டில் வைத்த 20 டாலர், சபைக்குக் கொடுத்த தசமபாகம், பாஸ்டர் மகளின் கல்யாணத்துக்கு ஸெல்லில் அனுப்பிய 500. எல்லாம் சாமிக்குச் செய்ததுதானே என்று மொத்தமாகக் கூட்டி ஒரே வரியில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அப்படிக் கூட்டுவதில்லை. அந்தப் பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதை அடித்துவிடுவது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். அமெரிக்காவில் வரிக்கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பணம் யார் அதிகாரத்துக்குள் வந்தது?

நன்கொடைக் கழிவு, தகுதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்ததற்கு மட்டும்தான். தனி மனிதருக்குக் கொடுத்ததற்குக் கிடையாது. அவர் எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும் கிடையாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லாதபடி ஐஆர்எஸ் தன் 526-ஆம் எண் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. தன் இஷ்டப்படி, சொந்தச் செலவுக்குக்கூட, எடுத்துக்கொள்ளக்கூடிய மதகுருவிடம் கொடுத்த பணம், கழியாதவற்றின் பட்டியலில் தனி வரியாகவே இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: கொடுத்த பிறகு இந்தப் பணத்தை என்ன செய்வதென்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கோயில் நிர்வாகக் குழுவிடம் என்றால் கழிய வாய்ப்பு உண்டு. குருக்களிடமோ பாஸ்டரிடமோ என்றால் கழியாது.

நல்ல காரியத்துக்குத்தானே போனது என்று வாதாடிப் பயனில்லை. 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டேவிஸ் வழக்கு இதற்குச் சாட்சி. மார்மன் சபை ஊழியத்துக்குப் போன இரண்டு மகன்களின் செலவுக்குப் பெற்றோர் பணம் அனுப்பினார்கள். நேராக மகன்களின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள் என்று சொன்னதே சபைதான். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று விதியும் கொடுத்திருந்தது. அப்படியும் கழிவு இல்லை என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பணம் சபையின் கைக்கு வரவில்லை, சபைக்கென அறக்கட்டளையாகவும் வைக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

கழிவு உங்களுக்குப் பயன்படுமா?

ரசீது தேடி வீட்டைப் புரட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். நன்கொடையைக் கழிக்க ஷெட்யூல் ஏ நிரப்பிச் செலவுகளைப் பட்டியலிட வேண்டும். 2025 வருமானத்துக்கு, பட்டியலிடாமலே கிடைக்கும் நிலையான கழிவு தனி நபருக்கு 15,750 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டவில்லை என்றால், அந்த ஆண்டுக்கு இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு நிம்மதியாகக் கொடுங்கள்.

2026 முதல் கொஞ்சம் மாறுகிறது. பட்டியலிடாதவர்களும் பணமாகக் கொடுத்ததில் தனி நபர் 1,000 டாலர், தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம். பட்டியலிடுகிறவர்களுக்கோ, சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 0.5 சதவீதத்துக்கு மேற்பட்ட நன்கொடைதான் கணக்கில் வரும். வருமானம் 2 லட்சம் டாலர் என்றால் முதல் 1,000 டாலர் கழியாது.

குறிப்பு: ஆண்டுதோறும் நிலையான கழிவுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்க நினைத்ததை ஒரே ஆண்டில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம். சபைப் பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் ஏன் கவர் வரவில்லை என்று அவர் கவலைப்பட வேண்டாம்.

கொடுக்கும் முறை: படிப்படியாக

1. அமைப்பின் சட்டப் பெயரைக் கேளுங்கள். பலகையில் இருக்கும் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருக்கலாம். கூடவே வரி அடையாள எண்ணான இஐஎன்-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

2. ஐஆர்எஸ் இணையதளத்தில் வரிவிலக்கு அமைப்புகளைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். இல்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். தேவாலயம், கோயில், மசூதி போன்ற வழிபாட்டு அமைப்புகள் 501(சி)(3) தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விதிகளை நிறைவேற்றினால் தகுதி தானாகவே உண்டு. கத்தோலிக்கப் பங்குகள் ஆயர் பேரவையின் கூட்டு அனுமதிக்குள் வருகின்றன. பட்டியலில் இல்லாத அமைப்பிடம் பதிவுச் சான்றையும் அமைப்பு விதிகளையும் கேட்டுப் பாருங்கள்.

3. வீட்டில் கூடும் ஜெபக் குழுக்களிலும் பஜனைக் குழுக்களிலும் கூடுதல் கவனம் வேண்டும். குழுவின் பெயரில் பதிவும் வங்கிக் கணக்கும் இல்லாமல், ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் போகிறது என்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் அந்த ஒருவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

4. செக்கில் பெறுபவர் இடத்தில் அமைப்பின் பெயரை மட்டும் எழுதுங்கள். ஸெல், வென்மோ என்றால் அனுப்பும் முன் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். குருக்களின் செல்பேசி எண்ணுக்கு அனுப்பிவிட்டு, கோயிலுக்குத்தான் அனுப்பினேன் என்றால் எடுபடாது.

5. ரொக்கத்தைத் தவிருங்கள். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ரொக்க நன்கொடைக்கு வங்கிப் பதிவோ அமைப்பின் எழுத்துமூல ரசீதோ வேண்டும். உண்டியலில் போட்டதற்கு இரண்டும் இருக்காது. சபைகள் தரும் பெயர், எண் போட்ட காணிக்கைக் கவர்கள் இதற்குத்தான். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

6. ஜனவரியில் ஆண்டு ரசீதைக் கேளுங்கள். ஏன் ஜனவரி என்பது அடுத்து வருகிறது.

ரசீதில் ஒரு வாக்கியம்

ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால், வங்கிப் பதிவு மட்டும் போதாது. அமைப்பு தரும் ரசீது கட்டாயம். அதில் அமைப்பின் பெயர், தொகை, பதிலுக்கு உங்களுக்கு ஏதாவது பொருளோ சேவையோ தரப்பட்டதா இல்லையா என்ற வாக்கியம், மூன்றும் இருக்க வேண்டும். கோயில், சபை ரசீதுகளில் அந்த வாக்கியம், ஆன்மிகப் பலன் தவிர வேறொன்றும் தரப்படவில்லை என்ற பொருளில் வரும்.

இந்த வாக்கியம் இல்லாததால் ஒரு தம்பதி 22,000 டாலருக்கு மேல் கழிவை இழந்தார்கள். 2012-இல் வரி நீதிமன்றம் தீர்த்த டர்டன் வழக்கு அது. கொடுத்தது உண்மை, செக்குகள் இருந்தன, சபையின் கடிதமும் இருந்தது. அந்தக் கடிதத்தில் மேற்படி வாக்கியம் மட்டும் இல்லை. பிறகு சபை திருத்திக் கொடுத்த இரண்டாவது கடிதம் காலம் கடந்தது என்று தள்ளப்பட்டது. கணக்குத் தாக்கல் செய்யும் நாள், தாக்கலுக்கான கடைசி நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். நீட்டிப்பு வாங்கியிருந்தால் நீட்டித்த நாளே கடைசி நாள்.

பொருளாளர் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே இதையும் பார்க்கிற தன்னார்வலர். அவரைக் குறை சொல்லாமல், உரிமையோடு இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. 2025-இல் நாங்கள் கொடுத்ததற்கான ஆண்டு ரசீது வந்துவிட்டது, நன்றி. பதிலுக்குப் பொருளோ சேவையோ தரப்படவில்லை என்ற வாக்கியம் அதில் விடுபட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் ஐஆர்எஸ் ஏற்காது. அதைச் சேர்த்து மறுபடி அனுப்ப முடியுமா? ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.”

“பாஸ்டருக்காக” என்று சபை வழியே கொடுப்பது

கிறிஸ்துமஸ், பாஸ்டர் பாராட்டு மாதமான அக்டோபர், குருக்களின் சஷ்டியப்தபூர்த்தி என்று ஏதாவது ஒரு சமயத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு தொகை கொடுக்க ஆசைப்படுவோம். கழிவும் வேண்டும், பணம் அவருக்கும் போக வேண்டும். முடியும், ஆனால் அதற்கு ஒழுங்கு இருக்கிறது.

1. காணிக்கை எடுப்பதற்கு முன்பே நிர்வாகக் குழு கூடி, பாராட்டு நிதி ஒன்று தொடங்குவதாகத் தீர்மானம் எழுதட்டும். எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது குழுவின் முடிவு என்று அதில் இருக்க வேண்டும்.

2. அறிவிப்பிலும் அதையே சொல்லுங்கள். “நீங்கள் கொடுப்பது அப்படியே பாஸ்டர் கையில் போய்ச் சேரும்” என்று மேடையில் அறிவித்தால், சபை வெறும் குழாய், பணம் தனி மனிதருக்குத்தான் என்று ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ள நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும்.

3. செக் சபையின் பெயரில். குறிப்பு எழுதும் இடத்தில் நிதியின் பெயரைப் போடலாம். பாஸ்டரின் பெயரைப் போட வேண்டாம்.

4. குழு கொடுக்கும் தொகை பாஸ்டரின் சம்பளத்தோடு சேர்ந்து அவருடைய டபிள்யூ-2 படிவத்தில் ஏற வேண்டும்.

நான்காவது படியில்தான் முகம் சுளிப்பார்கள். அன்பளிப்புக்கு வரியா என்பார்கள். ஆமாம். வேலை கொடுப்பவர் வேலை செய்பவருக்குத் தருவதை வரியில்லாத அன்பளிப்பாகக் கருத முடியாது என்று சட்டத்தின் 102-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பரிசு அட்டையாகக் கொடுத்தாலும் அது ரொக்கத்துக்குச் சமம்தான். மதகுருக்கள் சமூகப் பாதுகாப்பு வரியையும் சுயதொழில் செய்கிறவர்களைப் போலத் தாங்களே கட்ட வேண்டியிருப்பதால், கொடுக்கிற தொகையில் கணிசமான பங்கு வரியாகவே போய்விடும். குழு அதையும் எண்ணிப் பார்த்துத் தொகையை முடிவு செய்யட்டும்.

சரி, கழிவே வேண்டாம், கையிலேயே கொடுத்துவிடுகிறோம் என்றால்? உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஒருவருக்கு ஓராண்டில் 19,000 டாலர் வரை (2025, 2026 இரண்டுக்கும் இதே தொகை) அன்பளிப்பு வரிப் படிவம்கூடத் தேவையில்லை. ஆனால் வாங்குகிறவருக்குச் சிக்கல் வரலாம், அதைப் பலர் நினைப்பதே இல்லை. பற்றற்ற தாராள மனதோடு தருவதுதான் அன்பளிப்பு என்று 1960-இல் டூபர்ஸ்டைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. செய்த ஊழியத்துக்குக் கைம்மாறாகத் தருவது வருமானம்.

மினசோட்டாவில் ஒரு போதகரின் சபையில் காணிக்கைக்கு நிறம் நிறமாகக் கவர் வைத்திருந்தார்கள். வெள்ளைக் கவர் சபைக்கு. நீலக் கவர் போதகருக்கு. நீலக் கவரில் போட்டதற்குக் கழிவு கிடையாது என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் கேட்கவும் இல்லை. 2008-இலும் 2009-இலும் நீலக் கவர்களில் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. போதகர் அதை அன்பளிப்பு என்று வரி கட்டாமல் விட்டார். 2018-இல் வரி நீதிமன்றம் அது வருமானமே என்று தீர்த்தது. வாராவாரம், ஏற்பாடாக, ஊழியத்தை மனதில் வைத்துக் கொடுத்தது அன்பளிப்பாகாது என்பதுதான் சாரம். இதற்கு முன்பே 1995-இல் அயோவாவின் ஒரு சபையில், விசேஷ நாட்களில் எல்லோரும் பெயர் சொல்லாமல் சேர்த்துக் கொடுத்த ரொக்கமும் வருமானம் என்றே தீர்ப்பானது.

ஆகவே, குருக்களின் பெண் கல்யாணத்துக்கு நீங்கள் தனியாக மொய் எழுதினால் அது மொய்தான். கோயில் கமிட்டி ஆண்டுதோறும் கவர் கொடுத்து வசூல் செய்து தட்டில் வைத்தால், அதற்கு மொய் என்று பெயர் வைத்தாலும் சம்பளம்தான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அர்ச்சனைத் தட்டுக் காசு. குருக்கள் எடுத்துக்கொள்கிற தட்சணை கழியாது. கோயில் கவுன்ட்டரில் வாங்கும் அர்ச்சனைச் சீட்டு வேறு விஷயம். அது கோயிலுக்குப் போகிறது. ஆனாலும் விலைப்பட்டியல் போட்டு விற்கும் சேவைக்குக் கொடுத்ததை முழு நன்கொடையாகக் காட்டுவதில் நிதானம் நல்லது. 1989-இல் ஹெர்னாண்டஸ் வழக்கில், குறித்த விலைக்குக் குறித்த மதச் சேவை என்ற ஏற்பாட்டில் கொடுத்தது நன்கொடை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோயில் எந்தத் தொகைக்கு நன்கொடை ரசீது தருகிறதோ, அதற்கு மேல் ஒரு சென்ட்டும் காட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்து செய்யும் கிரகப்பிரவேசமும் சீமந்தமும். குருக்களுக்கு நேராகக் கொடுத்தது கூலி. கழிவுப் பேச்சே இல்லை. கோயில் மண்டப வாடகையும் அப்படியே. கோயில் கேன்டீனில் வாங்கிய தோசையை இந்தப் பட்டியலில் சேர்த்தவர்களும் உண்டு.

விருந்துச் சீட்டு. நிதி திரட்டும் விருந்துக்கு 150 டாலர் கொடுத்து, 40 டாலர் மதிப்புள்ள சாப்பாடு சாப்பிட்டால், கழிவது 110. சீட்டு விலை 75 டாலரைத் தாண்டினால் சாப்பாட்டின் மதிப்பை அமைப்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பழைய கார். புதிதாக ஊரிலிருந்து வந்த குருக்களுக்கு நம் பழைய டொயோட்டாவைக் கொடுப்பது நல்ல மனசு, கழிவு இல்லை. காரைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்து, கோயில் அதை அவருக்குக் கொடுத்தால் அவருக்கு வருமானம். 500 டாலருக்கு மேல் கழிவு கேட்க, கோயில் தரும் 1098-சி படிவம் வேண்டும்.

இணைய வழி உதவித் திரட்டு. பாஸ்டரின் அறுவைச் சிகிச்சைக்காக அவர் பெயரில் நடக்கும் திரட்டில் போட்டது தனி மனித உதவி. கொடுங்கள், கணக்கில் எழுதாதீர்கள்.

விமான நிலையப் பயணம். கோயிலோ சபையோ கேட்டுக்கொண்டதால், விருந்தினராக வந்த பிரசங்கியாரை அழைத்துவரப் போனீர்களா? மைலுக்கு 14 சென்ட், பார்க்கிங், சுங்கக் கட்டணம் கழியும். அவரை வீட்டில் தங்க வைத்தால் அறையின் மதிப்பைக் கழிக்க முடியாது.

கொடுக்கும் கை, வாங்கும் விசா

ஆர்-1 விசாவில் வரும் குருக்களும் போதகர்களும், தங்களுக்காக மனுப்போட்ட அமைப்பிடம் மட்டுமே வேலை செய்து சம்பளம் வாங்க அனுமதி பெற்றவர்கள். அவர்களை வேறு ஊருக்கு நேரடியாக அழைத்து, பூஜைக்கும் ஹோமத்துக்கும் தனியாகப் பணம் கொடுப்பது உங்கள் வரியைவிட அவர்களுடைய விசாவைப் பெரிதாகப் பாதிக்கலாம். எந்தச் சடங்குக்கும் கோயில் அலுவலகத்தில் பதிவு செய்து, கோயிலுக்குக் கட்டணம் செலுத்தி அழைப்பதே பாதுகாப்பு. கையில் கொடுக்கத் துடிக்கும் மாமனார் மாமியாரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

ஊருக்கு அனுப்புவது

திருநெல்வேலியில் இருக்கும் தேவாலயத்துக்கோ குலதெய்வக் கோயில் பூசாரிக்கோ நேராக அனுப்பிய டாலர் அமெரிக்க வரியில் கழியாது. இந்திய அமைப்புக்கே கழிவு இல்லை, பூசாரிக்கு எங்கே? அங்கே பணி செய்யும் அமெரிக்க அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்து, அதை எங்கே செலவழிப்பது என்ற முடிவை அதனிடமே விட்டால் கழியும். “இந்த ஊர், இந்தப் பூசாரி” என்று நிபந்தனை போட்டால் மறுபடி குழாய்க் கதைதான்.

இந்தியப் பக்கம் ஒரு எச்சரிக்கை. நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், கோயில் அறக்கட்டளையோ சபையோ உங்கள் பணத்தை வாங்க, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்கீழ் அதற்குப் பதிவு இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகாது. அனுப்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள். கேட்காமல் அனுப்பினால் மாட்டிக்கொள்வது ஊரில் இருக்கும் தர்மகர்த்தா.

ஏற்கெனவே கழித்துவிட்டீர்களா?

1. அந்த ஆண்டின் ஷெட்யூல் ஏ-வை எடுத்து, ஒவ்வொரு தொகைக்கும் எதிரே யாருக்குப் போனது, என்ன ஆதாரம் என்று எழுதுங்கள்.

2. தனி மனிதருக்குப் போனதையும் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து ரசீது இல்லாதவற்றையும் அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். மிச்சம் நிலையான கழிவுக்குக் கீழே வந்துவிட்டால், நிலையான கழிவுக்கே மாறிக்கொள்ளலாம்.

3. 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். காரணம் கேட்கும் இடத்தில், தகுதி பெற்ற அமைப்பு அல்லாதவருக்குக் கொடுத்த தொகை தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று ஒரு வரி போதும்.

4. கூடுதல் வரியை அப்போதே கட்டிவிடுங்கள். வட்டி நாள்கணக்கில் ஏறும். ஐஆர்எஸ் விசாரணைக் கடிதம் வருவதற்கு முன் நீங்களாகத் திருத்தினால், குறைத்துக் காட்டிய வரிக்கு விதிக்கப்படும் 20 சதவீத அபராதம் பொதுவாக வராது. கடிதம் வந்த பிறகு திருத்தினால் அந்தச் சலுகை இல்லை.

5. செக் நகல், ரசீது, திருத்தக் கணக்கு எல்லாவற்றையும் தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரே கோப்பில் வைத்திருங்கள். ரசீதைச் செல்பேசியில் படம் எடுத்தால், அந்த ஒரு வாக்கியம் படத்துக்குள் வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.